மணி அடிக்காத வரி

போன ஞாயிற்றுக்கிழமை அட்டாலியில் கிடந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் சின்னவன் இறக்கித் துடைத்து, பாட்டுப் போடலாம் என்று வயரைச் சொருகப் போனான். நான் கத்திவிட்டேன். அவ்வளவு கத்தியிருக்க வேண்டியதில்லை. அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். "பாட்டுக் கேக்கறதுக்கு இத்தன பேச்சாப்பா?" என்று பெரியவள் கேட்டாள்.

வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்பீக்கர்கள் டக்டக் மாமாவுடையவை. அப்போது பெரியவள் ஐந்தாவது, சின்னவன் ஒன்றாவது. தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே, ஆறு வீடுகள் ஒரே வரிசையாக இருந்த லைன் வீட்டில் நாம் மூன்றாவது, அவர் நான்காவது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்பார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் நீங்கள் வைத்த பெயர்தான் லைன் முழுக்க நின்றது.

சத்தம் இல்லாமல் அவர் எங்கேயும் வந்ததில்லை. தெருமுனையிலேயே சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பார். எதிரில் ஒரு நாய்கூட இருக்காது. கேட்டைத் திறக்கும்போது இருமுவார். அது சளி இருமல் இல்லை, ஆள் வருகிறது என்கிற இருமல். கடைக்குக் கிளம்பினால் கதவைச் சாத்திவிட்டு, "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. வாசலில் நாம் இருந்தால் நமக்குச் சொன்ன மாதிரி இருக்கும். நாம் இல்லாவிட்டாலும் சொல்வார்.

கரண்டு போனால் லைன்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவோம். முதல் ஆளாக அவர் வருவார். வந்து நின்று, நமக்குத் தெரியாத சேதி போல, "கரண்டு போச்சு" என்பார். உங்கள் அம்மா ஒருநாள் சும்மா இருக்காமல், "ஏனுங்க சார், எங்களுக்கெல்லாம் கண்ணு தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அது ஏன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அறுபதை ஒட்டிய வயது. தனி ஆள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பாய். சின்னச் சின்ன பனியன் கம்பெனிகள் நாலைந்து அவரை நம்பி இருந்தன. எந்தப் பெட்டியில் எத்தனை பனியன், என்ன சைஸ், என்ன கலர் என்று போனில் சொல்வார்கள். அவர் அதை இங்கிலீஷில் டைப் அடித்து, கப்பலுக்குப் போகிற காகிதமாக்கி அனுப்புவார்.

அவர் குடிவந்த அன்றே சுவர் வழியாக அந்தச் சத்தம் வந்துவிட்டது. டக், டக், டக், டக். நடுநடுவே 'டொக்'. அப்புறம் ஒரு 'டிங்', உடனே கர்ரென்ற இழுப்பு. மறுபடியும் டக் டக். யாரோ பழைய டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் பார்க்கப் போனீர்கள், பின்னாலேயே நானும் வந்தேன். மேசையில் எழுத்து அழிந்துபோன, தட்டையான கறுப்புக் கீபோர்டு மட்டும் இருந்தது. சின்னவன் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்த் தேடினான்.

"ஏனுங் மாமா, மிசினு எங்கீங்க?"

"மிசினு இல்லடே. சத்தம் மட்டுந்தான் இருக்கு."

கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒன்றைப் போட்டிருந்தார். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஸ்பீக்கரில் டைப்ரைட்டர் சத்தம் வரும். எழுத்துக்கு டக். இடம் விட்டால் டொக். வரி முடித்து அடுத்த வரிக்குப் போனால் டிங். அன்று இரவு உங்கள் அம்மா சொன்னாள்: "ஊரெல்லாம் மிசினு சத்தம் தாங்க முடியாம காதப் பொத்தறாங்க. இந்த மனுசன் இல்லாத மிசினுக்குச் சத்தத்தத் தேடிப் புடிச்சுட்டு வந்திருக்காரு."

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குழாயடிக்கோ பாத்ரூமுக்கோ எழுந்து போகும்போது எவர்சில்வர் டிபன் டப்பாவைத் தூக்கிக் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போவார். டக்டக்டக்டக்கென்று அது பாட்டுக்கு ஓடும். திரும்பி வந்து எடுப்பார். "பேய் டைப் அடிக்குது" என்று சின்னவன் முதலில் பயந்தான். நான் கேட்டேன்.

"ஏனுங்க சார், அடிச்ச பேப்பரெல்லாம் கெட்டுப் போகாதுங்களா?"

"வெறும் பக்கத்தைத் தெறந்து வச்சிட்டுத்தான் தம்பி டப்பாவை வைப்பேன். இல்லன்னா ஒரு பெட்டிக்குள்ள பத்துக் கோடி பனியன்லா போயிரும்."

சிரித்தோம். எதற்காக வைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலை எட்டரைக்கு வீடு வந்து, சாப்பிட்டுப் படுக்கும்போதுதான் அவர் வேலையை ஆரம்பிப்பார். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் போய்ச் சொன்னேன்: "சார், கோவிச்சுக்காதீங்க. பகல்லதானுங்க எனக்குத் தூக்கம். சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கிட்டீங்கன்னா..."

நான் முடிக்கும் முன்பே எழுந்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். "ஐயையோ, முன்னாடியே சொல்லப்படாதா தம்பி? நீங்க போய்த் தூங்குங்க."

அன்று நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் வெளியே வந்தால், அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வேலை இல்லீங்களா சார்?"

"இருக்கு. ஓட மாட்டேங்கு."

பிறகு அவராகவே சொன்னார். அவர் மனைவிக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டதாம். அப்புறம் நடையும் நின்று, கட்டிலோடு உள் அறையில் கிடந்தாராம். இவர் முன் அறையில் டைப்ரைட்டரில் வேலை செய்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. சத்தம் வந்தால் ஆள் இருக்கிறது. கம்பெனிகள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது இவரும் மாறினார். கீபோர்டில் சத்தமே வரவில்லை.

"அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க கேப்பா தம்பி. 'இருக்கியளா?' 'இருக்கேன்.' 'இருக்கியளா?' 'இருக்கேம்மா.' நான் எத்தன தடவ சொல்ல? வேலையும் ஓடல. ஒருநா கோவத்துல, 'செத்தா போயிட்டேன்'னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. வாயை மூடிக்கிட்டுக் கெடக்கா. அது அதவிடக் கஷ்டமாப் போச்சு. மறுநாளே கம்ப்யூட்டர் கடைக்காரர்ட்ட போய் இந்தச் சத்தத்தைப் போட்டு வாங்கிட்டு வந்தேன். மொத மணி அடிச்சதும் உள்ள இருந்து சிரிச்சா."

எழுந்து போனாலும் சத்தம் நிற்கக் கூடாது என்று அப்போது பழகியதுதான் டிபன் டப்பா. கரண்டு போய்ச் சத்தம் நின்றால் அந்தம்மா பயந்துவிடுவார் என்று உடனே குரல் கொடுத்துப் பழகியதுதான் "கரண்டு போச்சு". உங்கள் அம்மா கேட்ட கேள்வி எங்கே போய்ப் பட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அவ போயி ரெண்டு வருசமாச்சு. சத்தம் இருக்கதால அவ கேக்கலன்னு நான் பாட்டுக்கு இருந்தேன். இன்னைக்கு அணைச்சேம்லா? காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கா தம்பி. 'இருக்கியளா'ன்னு."

"போடுங்க சார்" என்றேன். "நான் சாமளாபுரத்துக்காரனுங்க. தறிச் சத்தத்துல பொறந்து வளந்தவன். சத்தம் இல்லாட்டித்தான் எனக்குத் தூக்கம் வராது. போடுங்க."

அன்றைக்கு அது பாதிப் பொய். போகப்போக அதுவே நிஜமாகிவிட்டது. காலையில் படுத்து அவருடைய மணியை எண்ணுவேன். இருபது டிங் தாண்டுவதற்குள் தூங்கியிருப்பேன். அவரும் அதைத் தெரிந்துகொண்டு, நான் வரும் சத்தம் கேட்ட பிறகுதான் முதல் எழுத்தை அடிப்பார். ஒன்பதரைக்குத் தண்ணீர் வண்டி வந்தால் என்னை எழுப்பாமல் நம் டிரம்மையும் அவரே பிடித்துவிடுவார். அம்மா கம்பெனியில், நீங்கள் பள்ளிக்கூடத்தில். அந்தப் பகல்களில் லைனில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் தூங்குவான், அந்தப் பக்கம் ஒருத்தர் அடிப்பார். பேச்சு என்று பார்த்தால் நாளுக்குப் பத்து வார்த்தை இருக்காது.

இனிமேல்தான் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது.

என் வேலையில் ஒரே ஒரு பாடம்தான். நிட்டிங் மிஷினில் ஊசி ஒன்று ஒடிந்தால் துணியில் நீளக் கோடு விழும். கண்ணில் படுவதற்குள் பத்து மீட்டர் ஓடிவிடும். அதனால் கண்ணை நம்பக் கூடாது. சத்தம் மாறினால் உடனே நிறுத்து, பிறகு பார். இருபது மிஷின் ஓடும்போதும், எந்த மிஷினில் ஊசி போயிற்று என்று நான் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன். சூப்பர்வைசரே, "இவனுக்குக் காதுல கண்ணு"  என்பார்.

அன்று காலையும் வழக்கம் போலப் படுத்தேன். டக் டக், டிங். எட்டோ பத்தோ டிங் எண்ணியிருப்பேன். தெருவில் தண்ணீர் வண்டியின் ஹாரன் கேட்டது. சரி, ஒன்பதரை. அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் 'பொத்' என்று ஏதோ விழுந்தது. உடனே டக்டக்டக்டக்டக் என்று இடைவெளி இல்லாமல் ஓட ஆரம்பித்தது. டப்பாவை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறார், நமக்கும் பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். புரண்டு படுத்தேன். அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டேன்.

அவர் டப்பாவை வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்கமாட்டார். அது எனக்குத் தெரியும். மூன்று மணி நேரம் ஒரு டிங்கூட அடிக்காமல் அது ஓடியிருக்கிறது. சத்தம் மாறினால் நிறுத்திப் பார் என்று புதிதாய் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன், தலையணையில் காதை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

பன்னிரண்டரைக்குக் கரண்டு போயிற்று. ஊரே நின்றது. மின்விசிறி நின்றது, எதிர் வீட்டுத் தையல் மிஷின்கள் நின்றன, டக்டக்கும் நின்றது. அந்த அமைதியில்தான் எனக்கு விழிப்பு வந்தது. 'கரண்டு போச்சு' என்று குரல் வரும் என்று படுத்தபடியே காத்திருந்தேன். வரவில்லை. வாசலுக்கு வந்தேன். நம் டிரம் காலி. பக்கத்தில் அவருடைய டிரம்மும் காலி. அவர் வீட்டுக்கு ஓடினேன்.

கதவு வெறுமனேதான் சாத்தியிருந்தது. தள்ளினேன். நாற்காலி பக்கத்தில் தரையில் விழுந்து கிடந்தார். விழும்போது மேசையைப் பிடித்திருப்பார் போல. தடிமனான பைல் ஒன்று சரிந்து கீபோர்டு மேல் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். "சார், சார்" என்று தூக்கினேன். வலது கை தொங்கியது. இடது கை மூடியிருந்தது, உள்ளே ஒரு கறுப்பு வயர். விரலைப் பிரித்து விடுவித்தேன். அப்போது அது என்ன வயர் என்று நான் பார்க்கவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "எத்தனை மணிக்குங்க இப்படி ஆச்சு? யாரும் பாக்கலீங்களா?"

தெரியாதுங்க என்று சொல்லியிருக்கலாம். எவருக்கும் தெரிந்திருக்காது. அவரால் பேச முடியாது. லைனில் ஆள் இல்லை. எனக்கு நாக்கு அப்படித்தான் போயிற்று. ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலீங்க. கேட்டனுங்க. ஒம்போதரை மணி."

"கேட்டுட்டு?"

"தூங்கிட்டனுங்க."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கையில் இருந்த தாளில் எழுதிக்கொண்டார். "உடனே கொண்டு வந்திருந்தா ஒரு ஊசி இருக்குங்க. இனி ஸ்கேன் எடுத்துப் பாக்கறதுக்குள்ள அதுக்கு நேரம் தாண்டிரும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நர்ஸ் வந்து, "நீங்க அவருக்கு யாருங்க?" என்றார். "பக்கத்து ஊடுங்க" என்றேன்.

சாயங்காலம் அவர் வீட்டைப் பூட்டுவதற்காக வந்தேன். அப்போதுதான் மேசையைச் சரியாகப் பார்த்தேன். எப்போதும் சுவர் ஓரமாக நிற்கும் ஸ்பீக்கர் இரண்டும் மேசை விளிம்புவரை இழுபட்டு வந்திருந்தன. ஒன்று பாதி வெளியே நின்றது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் கீழே விழுந்திருக்கும். அவர் கையில் இருந்தது அந்த வயர்தான், கண்ணுகளா. இருக்கிற ஒரு கையால் அந்தச் சத்தத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறார். சத்தம் ஓடுகிற வரைக்கும், டப்பாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நின்றால் நான் எழுந்துவிடுவேன் என்றும் தெரிந்திருக்கிறது. கரண்டு நின்று எழுந்தேனே, அது போல.

மூன்று மணி நேரம் இழுத்திருக்கிறார். நான்கு முழத்துக்கு அந்தப் பக்கம் நான் கிடந்தேன்.

மூன்றாவது வாரம் அவருடைய அண்ணன் மகன் வேன் கொண்டு வந்தார். நல்ல பையன். பெரியப்பா சித்தப்பா என்று பாராமல் விட்டுவிடுகிற காலத்தில் தேடி வந்தார். மாமாவுக்கு அப்போதும் பேச்சு வரவில்லை, வலது பக்கம் விளங்கவில்லை. கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் என்னிடம் நீட்டினார்: "வீட்ல கைப்புள்ள கெடக்கு அண்ணே, சத்தம் ஆகாது. நீங்க வச்சுக்கிடுங்க." நான் வாங்கிக்கொண்டேன். முன் சீட்டில் இருந்து மாமா என் கையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேன் தெருமுனை திரும்பும்போது மணிச் சத்தம் எதுவும் இல்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து கேட்டபோது, "மாமா ஊருக்குப் போயிட்டாரு" என்று சொன்னேன்.

நான்கு வருடம் ஆகிறது. முதல் மாதம் ஒருமுறை போன் செய்தேன். அப்படியேதான் இருக்காவ என்றார் அண்ணன் மகன். அதற்குப் பிறகு செய்யவில்லை. வேலை என்று சொல்லிக்கொள்வேன். வேலை இல்லை, பயம். இருக்கிறாரா என்று கேட்டு, இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது? ஸ்பீக்கரை அட்டாலியில் வைத்துவிட்டு, நம்பரைப் போனில் வைத்துவிட்டு, இரண்டையும் தொடாமல் இருந்தேன். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சின்னவன் தொட்டான்.

புதன்கிழமை மத்தியானம் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். மிஷின் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து, வேஸ்ட் துணி மூட்டைகள் அடுக்கியிருக்கும் ரூமுக்குப் போய் அந்த நம்பரை அமுக்கினேன். நம்பர் மாறவில்லை. என்னை யார் என்று சொன்னேன்.

"திருப்பூர் அண்ணனா? நல்லாருக்கியளா?"

"இருக்கறனுங்க. அவரு... சார் இருக்காருங்களா?"

"இருக்காவ. உள்ள கட்டில்ல கெடக்காவ. பேச்சுதான் இன்னும் வரல."

"பரவாயில்லீங்க. போனை அவரு காதுல வைங்க. இடது கைப் பக்கமா வைங்க."

நடந்து போகும் சத்தம். ஒரு குழந்தை ஏதோ கேட்டது. அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போன் செய்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சார்... இருக்கீங்களா?"

ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும். லைன் போய்விட்டதா என்று பார்த்தேன், போகவில்லை. மறுபடி காதில் வைத்தேன்.

டக்.

நகத்தால் போனைத் தட்டுகிறார். டக். கொஞ்சம் பொறுத்து, டக், டக். "என்னமோ தட்டுதாவ அண்ணே, போனை வாங்கிரவா?" என்று தூரத்தில் அண்ணன் மகன் குரல் கேட்டது. "வாங்காதீங்க, வாங்காதீங்க, தட்டட்டும்" என்று கத்தினேன்.

டக். டக். டக். ஒரு விரலால், மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு. எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அறுபதுக்கு மேல் போயிற்று. ஒரு வரி அளவுக்கு வந்திருக்கும். பிறகு நின்றது. அவர் கையில் இப்போது மணி இல்லை.

மூட்டை எடுக்க வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போனை வாய்க்குக் கிட்டே வைத்து, "டிங்" என்றேன்.

அந்தப் பக்கம் டக் என்று அடுத்த வரி ஆரம்பித்தது.